விரலுக்குக் கூலி கேளு சாமி

நிறுத்தாதே சாமி, நிறுத்தவே நிறுத்தாதே. ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள போனைப் புடிச்சுட்டு நீ ஒவ்வொரு குண்டா எண்ணிப் பாக்குறதாலதான் உக்ரைன்ல சண்டை இந்த அளவுலயாச்சும் நிக்குது. நீ பாட்டுக்குத் தூங்கிட்டீன்னா, பனிமலை உருகறதை யாரு கணக்கு வெக்கிறது? ஊருக்கு ஒருத்தனாச்சும் முழிச்சிருக்கோணுமல்ல.

உங்கம்மா "அப்பா, நீங்க சொன்னாத்தான் கேப்பான்"னு எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தறா. நான் எதுக்குக் கண்ணு உன்ற பொழப்பைக் கெடுக்கோணும்? ஒண்ணு மட்டும் சொல்றேன்: கூலி கேளு. நூறு நாள் வேலைக்குப் போன பொம்பளைகளுக்கே அட்டை இருந்துச்சு, பேங்குல கூலி ஏறுச்சு. நீ தள்ளத் தள்ள நடுவுல ஒரு விளம்பரம் வருதல்ல, அதுக்குக் கம்பெனிக்காரனுக்குக் காசு. வேலை உன்றது, வரும்படி அவன்றது. எங்க பண்ணையத்துல இருந்த ஆளுக ஒருத்தரும் இத்தனை விசுவாசமா இருந்ததில்லை.

இப்படிக் கெட்ட சேதியாத் தள்ளித் தள்ளிப் பாக்குறதுக்கு டூம்ஸ்க்ரோலிங்னு பேராம், உன்ற தங்கச்சி சொன்னா. கொரோனாவுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்துன 2020ல அந்தப் பேரு நாடு நாடாப் பரவிருச்சாம். ஆஸ்திரேலியாவுல மக்வாரின்னு ஒரு அகராதி, அந்த வருசத்துச் சொல்லா இதையே எடுத்து உக்கார வெச்சுருச்சு. கரென் ஹோன்னு ஒரு பத்திரிகைக்காரப் புள்ளை, ராவானா ட்விட்டர்ல வந்து, போதும், போய்ப் படுங்கன்னு எல்லாத்துக்கும் ஞாபகப்படுத்திட்டு இருந்துச்சாம். தங்கமான மனசு. ஆனா அந்தப் புத்திமதியைப் படிக்கவும் ராத்திரி ட்விட்டர்ல முழிச்சிருக்கோணுமே, அது ஒண்ணுதான் சங்கடம்.

முந்தியெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் முடிஞ்சா, அடுத்த பக்கம்னு ஒரு எடத்துல அமுத்தோணுமாம். அமுத்தறதுக்கு முன்னால மனுசன் சித்தே ரோசிப்பான். அந்த ரோசனை எதுக்குன்னு 2006ல ஏசா ராஸ்கின்னு ஒருத்தர், தள்ளத் தள்ளத் தானா வந்துட்டே இருக்கிற மாதிரி பண்ணிக் குடுத்துட்டார். பின்னால அவரே இதைப் போயிப் பண்ணுனமேன்னு பகிரங்கமா வருத்தப்பட்டார். அவரு வருத்தப்பட்ட சேதியும் உன்ற போன்ல அப்படித்தான் தள்ளிட்டு வந்திருக்கும்.

அப்பெல்லாம் எங்களுக்குச் சேதின்னா வெடியால 7.15 மணி. டெல்லியிலிருந்து ஆகாசவாணி, சரோஜ் நாராயணசுவாமி அம்மா குரல். பத்து நிமிசம். உலகத்துல எத்தனை கேடு நடக்கிறதா இருந்தாலும் அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள அடங்கி நடக்கோணும். மிச்சக் கேடெல்லாம் நாளைக்கு. அம்மா முடிச்சதும் ரேடியோவைத் திருகிட்டு மோட்டார் போடப் போயிருவேன்.

உன்ற போன்ல வர்ற சேதித் தலைப்புக் கணக்கு ஒண்ணு கேளு. 2023ல வந்த ஆராய்ச்சி. ஒரு லட்சத்துக்கு மேல தலைப்புகளை வெச்சுப் பாத்தாங்க. கேடு, நாசம்னு பொல்லாத சொல்லு ஒண்ணு கூடுனா, தட்டிப் பாக்குறது 2.3 சதவீதம் கூடுதாம். எழுதறவனைக் குத்தம் சொல்லாதே. நீ எதைத் தட்டுறியோ அதைத்தானே அவன் வடிச்சுக் கொட்டுவான்.

இதைவிட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பாஸ்டன் சமாச்சாரம். 2013ல அங்க மாரத்தான் ஓட்டத்துல குண்டு வெடிச்சுது. அடுத்த ஒரு வாரம் தினம் ஆறு மணி நேரமும் அதுக்கு மேலயும் டீவியிலயும் நெட்டுலயும் அதையே பாத்துட்டிருந்தவங்களை விசாரிச்சாங்க. வெடிச்ச எடத்துல நின்னவங்களைவிட இவங்களுக்குத்தான் அந்தச் சமயத்துல மனசு அதிகமா நடுங்கியிருக்குது. சோபாவுல உக்காந்தவனுக்கு! பயந்த சுபாவக்காரந்தான் மேல மேலப் பாப்பானோ என்னமோ, அதையும் ரோசிக்கோணும். எப்படியோ, குண்டும் படாம, பாஸ்டனும் பாக்காம நடுங்கற வித்தை உனக்குக் கைவந்திருக்குது.

நான் என்னமோ கெட்ட சேதியே காதுல வாங்காத மனுசன்னு நெனச்சுக்காதே. எங்க காலத்துல இழவு சொல்ல ஆள் வரும். எந்த ஊடு, யாரு, எப்ப எடுக்கறாங்க, மூணே விசயம். கேட்ட நிமிசமே வேலை வந்துரும். மாட்டைக் கறந்து கட்டிட்டு, மாத்து வேட்டியை எடுத்துட்டு, மொறையிருந்தா கோடித் துணி வாங்கிட்டு, பஸ்ஸைப் புடிச்சு ஓடோணும். அங்க ஒருத்தன் பந்தலுக்குக் கம்பு நடுவான், ஒருத்தன் அழுகறவளைத் தாங்குவான், ஒருத்தன் பொல்லாப்பு பேசுவான், அதுக்கும் ஆள் வேணுமல்ல. எல்லாம் முடிச்சுத் தண்ணி வாத்துட்டு ஊடு வந்து கட்டையைச் சாச்சா, அப்படியே தூக்கம். உன்ற போனும் இழவு சொல்றதுதான். ஆனா அது நீ போகவே முடியாத ஊட்டுச் சாவையெல்லாம் ராத்திரி முச்சூடும் கொண்டாந்து கொட்டுது. வேட்டியும் கட்டல, பஸ்ஸும் ஏறல. பொக்குனு உக்காந்திருக்கே. பின்ன எப்படித் தூக்கம் வரும்?

போனையே வையறேன்னு நெனைக்காதே. 2015 டிசம்பர்ல சென்னை தண்ணிக்குள்ள போனப்ப இதே போன்தான். இன்ன தெரு, மாடியில இத்தனை பேரு, கொழந்தைக்குப் பாலில்லைன்னு ஒருத்தர் போட்டா, படகோட ஒருத்தர் போனாரு, சோத்துப் பொட்டலத்தோட ஒருத்தர் போனாரு. அப்ப ராப்பகலா அதையே பாத்தவங்களை நான் ஒரு சொல்லு சொல்லமாட்டேன். பாத்ததுல அவங்களுக்கு வேலை இருந்துச்சு. உனக்கு என்ன வேலை? ஆர்.ஐ.பி.ன்னு மூணு எழுத்தைப் போட்டுட்டு அடுத்த சாவுக்குத் தள்ளிர்றே.

இப்பப் பாரு, நான் பேசறப்பவே ரெண்டு தரம் மடியைக் குனிஞ்சு பாத்துட்டே. சரி, எங்கிட்டயும் ஒரு கெட்ட சேதி இருக்குது. மேக்காலத் தோட்டத்து ஆயா நேத்துக் கிணத்து மேட்டுல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்குறா. வண்டியை எடு. போற வழியில சாத்துக்குடி வாங்கோணும், அவளுக்கு ஆப்பிள் கடிக்கப் பல்லில்லை. பெட்ரோலு உன்ற காசு.