காத்து எந்தப் பக்கம்லே அடிக்கு?

ஏலே பேராண்டி, கூடங்குளத்துல புது அணு உலை கட்டுதாவளே, ஊருக்கு ஆபத்தான்னு இன்னைக்கு வந்து கேக்கியே! மூணாவதுக்கும் நாலாவதுக்கும் 2017-லயே கான்கிரீட் போட்டாச்சு. அஞ்சுக்கும் ஆறுக்கும் 2021-ல. பந்தியில எலை எடுத்த பொறவு, சோறு வெந்துச்சான்னு கேட்டானாம் ஒருத்தன். அவனுக்குத் தம்பியாலே நீ?

1988-ல ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் சேந்து ஒப்பந்தம் போட்டாவ. கடக்கரைக்காரங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாவளா? பொறவு அந்த சோவியத்து நாடே கலைஞ்சு போச்சு. காயிதம் மட்டும் பத்திரமா இருந்திருக்கு பாரு!

2011 மார்ச்சுல ஜப்பான்ல ஃபுகுஷிமா. சுனாமித் தண்ணி ஜெனரேட்டருக்குள்ள ஏறி, உலையக் குளுத்தக் கரண்டு இல்லாமப் போச்சு. கரண்டு உண்டாக்குத எடத்துலயே கரண்டு இல்லேங்கேன்! அத டிவியில பாத்து, உலைக்குப் பக்கத்துல மீன் புடிக்குத இடிந்தகரைக்காரன் பயந்தான். 2004 சுனாமியக் கண்ணால கண்டவன், பயப்படாம என்ன செய்வான்? அப்துல் கலாம் அய்யாவே வந்து பாத்துட்டு, பாதுகாப்பா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாவ. அப்பவும் பயம் போவல, போராடுனாவ. ஆயிரக்கணக்கான பேரு மேல தேசத்துரோக வழக்கு. வல பின்னுதவன் எந்த தேசத்தலே வித்தான்?

உலை நாளைக்கே வெடிச்சிரும்னு நான் சொல்லல. ரஷ்யாக்காரன் கெட்டிக்காரன். உள்ள இருக்கது உருகி ஒழுகுனாலும் புடிச்சு வைக்க அடியில ஒரு தொட்டி வச்சிருக்கான். கரண்டு போனாலும் தானாக் குளுர வழி பண்ணியிருக்கான். செர்னோபில்ல பட்ட பாடு அவனுக்கு மறக்குமா? எனக்குச் சிரிப்பு எதுலன்னா, நம்மாளு அந்தத் தொட்டியவும் காட்டிட்டு, ஒண்ணுமே ஆவாதுன்னும் சொல்லுதாம் பாரு, அதுலதான். 2010-ல போட்ட சட்டத்துல, விபத்து நடந்தா ஆலைக்காரன் 1500 கோடி வரைக்கும் குடுக்கணும்னு எழுதுனாவ. எழுதுனது நல்லதுதாம்லே. அப்ப ஆவாதுன்னு சொல்லாதிய, ஆச்சுன்னா இன்னது செய்வோம்னு சொல்லுங்க.

இன்னொண்ணு கேளு. 2019 அக்டோபர்ல, எங்க ஆலைக் கம்ப்யூட்டருக்குள்ள ஒருத்தனும் நுழைய முடியாதுன்னு அறிக்கை விட்டாவ. மறுநாளே, வைரஸ் வந்தது நெசந்தான், ஆனா ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான், உலைக்கு ஒண்ணுமில்லன்னாவ. ரெண்டாவது சொன்னது நெசமாவே இருக்கட்டும். மொதச் சொன்னத எந்தக் கணக்குல எழுத?

எரிச்சு முடிச்ச எரிபொருளு இருக்கே, அது உலைக்குப் பக்கத்துலயே தண்ணித் தொட்டியில கெடக்கு. வெளிய தனிக் கெட்டடம் கட்டி வையுங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு 2013-ல அஞ்சு வருசம் தவணை குடுத்துச்சு. தவணை முடிஞ்சி, மறு தவணையும் வாங்குனாவ. 2019-ல ராதாபுரத்துல அதுக்குக் கருத்துக்கேப்புக் கூட்டம்னாவ. அதையும் தள்ளி வச்சாவ. நம்ம கருத்துக்கு என்னலே அவசரம்!

அடுத்து ஆபீசர் யாரும் வந்தா, பாதுகாப்பான்னு மட்டும் கேக்காத. ஆமான்னு சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். 16 கிலோமீட்டருக்குள்ள இருக்க ஊருக்கெல்லாம் அவசரத் திட்டம் இருக்காம்லா, அதக் கேளு. தெக்குக் காத்து அடிச்சா எந்த ரோட்டுல போவணும், மேக்க அடிச்சா எங்க போவணும்? பஸ்ஸு எங்க வந்து நிக்கும்? அயோடின் மாத்திரைன்னு ஒண்ணு, தைராய்ட மட்டுந்தான் காக்குமாம். அதையும் காலத்துல முழுங்குனாத்தான் உண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்குச் சங்கு ஊதுனா, மாத்திரை இருக்க அலமாரிச் சாவி யார் வீட்டுல இருக்குன்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வா.