கண்மாயில் சிக்கிய சங்கரா

மீன் பிடிக்கப் போகிறவன் பொய் சொல்வான் என்பது உலகம் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயம். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த படி. அவன் பொய் சொன்னால் ஊர் நம்பிவிடுகிறது. உண்மையைச் சொன்னால்தான் சிரிக்கிறது. கோட்டையூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்து முதுகு கறுத்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

முதலில் பொய்யைப் பார்த்துவிடுவோம். எங்கள் அம்மானுக்கு மீன் மேல் பிரியம் அதிகம். மீன்களுக்கு அவர் மேல் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை உட்கார்ந்தும் தக்கை அசையவில்லை. வெறுங்கையோடு போனால் அயித்தை ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், பார்ப்பார்கள். அதற்குப் பயந்து அம்மான் டவுன் பஸ் பிடித்துக் காரைக்குடி மார்க்கெட்டுக்குப் போய், மிச்சம் கிடந்த ஒரு சங்கராவை வாங்கிக்கொண்டு வந்தார். சங்கரா கடல் மீன். அதைப் பிடிக்க வேண்டுமானால் தேவகோட்டையைத் தாண்டித் தொண்டிக்குப் போகவேண்டும். போதாக்குறைக்கு அது செக்கச்செவேல் என்று இருக்கும். அம்மானோ அதைச் செவுளில் ஓலை கோர்த்துத் தெரு நடுவே ஆட்டிக்கொண்டு வந்தார்.

"எங்கே பிடிச்சீக?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"கண்மாய்லதான். மடைக்கு வடவண்டை. ஒண்ணேகால் கிலோ."

"செவப்பா இருக்கே?"

"செம்மண் தண்ணியில வளந்தது வேற எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. "என்ன இரை?" என்பது மட்டும் பாக்கி. "மைதா மாவு, கொஞ்சம் பெருங்காயம்" என்றார் அம்மான். மறுநாள் காலையில் மடைக்கு வடவண்டை நிற்க இடமில்லை. கண்மாய்க் கரை முழுக்கப் பெருங்காய வாசம்.

இப்போது உண்மைக்கு வருவோம். அதே மடையில் ஒரு நாள் என் தூண்டிலில் விரல் நீளக் கெண்டை ஒன்று மாட்டியது. இதற்கு இவ்வளவு நேரமா என்று அலுத்துக்கொண்டே இழுத்தேன். பாதியில் நரம்பு விறைத்து, கோல் வளைந்து, தண்ணீர் கொப்பளித்தது. கரைக்கு வந்தது ஒரு விரால். அதன் வாயில் பாதி போயும் பாதி போகாமலும் என் கெண்டை. முள் இன்னும் கெண்டையின் வாயில்தான் இருந்தது. விராலை நான் பிடிக்கவே இல்லை, அதன் பேராசை பிடித்துக்கொண்டு வந்தது. கெண்டையை விட்டிருந்தால் அது போயிருக்கலாம். விடவில்லை. ஒரே முள்ளில் இரண்டு மீன்.

டீக்கடையில் இதைச் சொன்னேன். பெஞ்சில் மௌனம். பிறகு ஒருவர், "அந்தக் கெண்டை வாயில ஒரு அயிரை இல்லையா?" என்று கேட்டார். இன்னொருவர், "அயிரை வாயில மண்புழு இருந்திருக்கும், அதுதான் முதல்ல மாட்டுனது" என்று வம்சாவளியை முடித்துவைத்தார். சங்கராவை நம்பிய அதே பெஞ்சு இது.

என் சங்கடம் புதிது இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தரங்கம்பாடி டென்மார்க்காரர் கையில் இருந்த காலத்தில், அவர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட் 1791 நவம்பரில் ஒரு குளக்கரையில் நின்றார். அங்கே ஒரு பனைமரம். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், மரத்தின் மேல், ஒரு மீன். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. செவுள் மூடியை விரித்துப் பட்டையில் மாட்டி, வாலை ஒருபக்கம் வளைத்து, அடித்துடுப்பின் முள்ளை ஊன்றி, உடம்பை உந்தி மேலே போனது. கை நீட்டி அவரே பிடித்தார். அதை எழுதி அனுப்ப, 1797-இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் ஏட்டில் அச்சானது. நம் ஊரில் அந்த மீனுக்குப் பனையேறிக் கெண்டை என்றே பெயர். இருந்தும் அடுத்த நூறு ஆண்டுக்கு மேல் அறிவாளிகள் அவரைப் பார்த்து, எங்கள் டீக்கடைப் பெஞ்சு என்னைப் பார்த்த மாதிரியே பார்த்தார்கள்.

1927-இல் தாஸ் என்ற இந்திய விஞ்ஞானி காற்றைச் சுவாசிக்கும் மீன்களை ஆராய்ந்து ஒரு சமாதானம் சொன்னார்: தரையில் ஊர்ந்து போகிற மீனைக் காக்காயோ பருந்தோ தூக்கிக்கொண்டு போய் மரத்தில் வைத்திருக்கும், அதைப் பார்த்தவர்கள் மீனே ஏறியது என்று நினைத்துவிட்டார்கள். நியாயமான விளக்கம்தான். ஆனால் இதில் லெப்டினன்டின் நிலையை யோசியுங்கள். ஐந்து கிலோ மீன் பிடித்தேன் என்று எழுதியிருந்தால் மறு கேள்வி கிடையாது. ஐந்தடி உயரத்தில் பிடித்தேன் என்றதால் சாட்சிக்குக் காக்காயைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மரம் ஏறியதோ இல்லையோ, அந்த மீன் தரையில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஐப்பசியில் விடிய விடிய மழை பெய்து கலுங்கு பாய்ந்த ஒரு காலையில், ஈர மண்பாதையில் உள்ளங்கை நீளத்தில் ஏதோ குலுங்கிக் குலுங்கிப் போனது. தவளை என்று நினைத்துக் குனிந்தால் மீன். செவுள் மூடியை இப்படி ஒரு முறை அப்படி ஒரு முறை ஊன்றி, வாலால் தள்ளி, ஏதோ தாலுகா ஆபீசில் வேலை இருக்கிற மாதிரி என்னைத் தாண்டிப் போய் அடுத்த பள்ளத்துத் தண்ணீரில் இறங்கியது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு உண்டு. அதனால்தான் கரையில் தாக்குப்பிடிக்கிறது. இதைவிடப் பெரிய வேடிக்கை, மேலே வந்து காற்றுக் குடிக்க விடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் அது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தண்ணீரில் மூழ்கிச் சாகிற மீன்! இதையும் டீக்கடையில் சொன்னேன். அன்றைக்கு என் டீக்குக் காசு வாங்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எனக்கு வருத்தம், கோட்டையூர் ஒன்றும் அவநம்பிக்கை பிடித்த ஊர் இல்லை என்பதில்தான். இங்கே பிறந்த அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கடல் இல்லை, ஆறு இல்லை, செம்புறாங்கல் பொட்டல். அங்கே ஆராய்ச்சிக்கூடமா என்று யாரும் சிரிக்கவில்லை. காரைக்குடியில் போர்டு எழுதும் கடை வைத்திருந்த ரோஜா முத்தையா, கிடைத்த புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாம் சேர்த்துச் சேர்த்துக் கோட்டையூர் வீட்டை நிரப்பினார். ஏறத்தாழ 1 லட்சம். அவர் 1992-இல் காலமான பிறகு, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆனது. பழைய நோட்டீசுக்காகச் சிகாகோ கோட்டையூருக்கு வந்ததை இந்த ஊர் நம்புகிறது. ஒரு கெண்டை பாதையைத் தாண்டியதை நம்பமாட்டேன் என்கிறது.

சாட்சி இருந்தாலாவது நம்புவார்களா என்றால் அதுவும் இல்லை. பக்கத்துக் கிராமம் ஒன்றில் மீன்பிடித் திருவிழா. கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊர் கூடித் தேதி வைப்பார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க விடியுமுன்பே கரையில் ஏறி நிற்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீச வேண்டியதுதான், ஊத்தா, வலை, கூடை, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு அத்தனை பேரும் இறங்குவார்கள். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு எந்தத் தெருவில் நுழைந்தாலும் மீன் குழம்புதான் மணக்கும்.

என்னிடம் ஊத்தா இல்லை. சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவிக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் தடிமனாக, வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இறுக்கிப் பிடித்தேன். அது என்னையும் இறுக்கிப் பிடித்தது. மீன் திருப்பிப் பிடிக்குமா என்று யோசிக்கிற நேரமா அது? "விரால்! விரால்!" என்று கத்தினேன். எனக்கு எதிரே தலையைத் தூக்காமல் குனிந்திருந்த ஒருவரும் அதே நேரம் "விரால்! விரால்!" என்று கத்தினார். நான் இழுக்க, அவர் இழுக்க, "விட்டுறாதீக, விட்டுறாதீக!" என்று சுற்றிலும் ஆரவாரம். இரண்டு ஊத்தாவும் ஒரு வலையும் உதவிக்கு வந்தன. கடைசியில் சேற்றிலிருந்து வெளியே வந்தவை என் கையும் அவர் கையும். தேர்தலில் ஜெயித்தவர்கள் மாதிரி சேர்த்துத் தூக்கியபடி நின்றோம்.

அதற்குள் இந்தக் கலவரத்தில் மிரண்ட நிஜ விரால் ஒன்று எம்பியது. கரையோரம் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஓர் ஆயாவின் மடியில் போய் விழுந்தது. ஆயா அதைப் பார்த்தார். சேலையால் ஒரு சுற்றுச் சுற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "இன்னொண்ணு வருமா?" என்று எங்களைக் கேட்டார். நூறு பேர் பார்த்தது. டீக்கடைக்கு வந்தபோது அந்த நூறு பேரில் ஒருவரும் அங்கே இல்லை.

வருகிற வழியில் பஸ் கண்டக்டர் வேறு. சாக்குப்பையில் எனக்குப் பங்காகக் கிடைத்த நாலு கெளுத்தி. "மீன் வாடைக்கு பஸ்ல இடமில்லை" என்று இறக்கிவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு ஆறுதலாக நினைவுக்கு வந்தவர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர். தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் என்ற ஊரின் அருங்காட்சியகக் காப்பாளர். 1938 டிசம்பரில் ஒரு மீன்பிடிக் கப்பல் கொண்டுவந்த குவியலில் நீல நிறத்தில் ஐந்தடி மீன் ஒன்றைக் கண்டார். ஏற்ற மாட்டேன் என்று டாக்சிக்காரர் முரண்டுபிடித்தார். பிணக்கிடங்கில் வைக்கக் கேட்டார், முடியாது என்றார்கள். குளிர்பதனக் கிடங்கிலும் அதே பதில். அருங்காட்சியகத் தலைவர் பார்த்துவிட்டு, இது வெறும் களவா மீன் என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில் ஸ்மித் என்ற மீனியல் அறிஞர் வந்து பார்த்தால், ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்பே டைனோசரோடு பூண்டற்றுப் போனதாக நினைத்திருந்த சீலகாந்த்! உலகமே அதிர்ந்த அந்த மீனுக்கே வண்டியில் இடம் கிடைக்கவில்லை. என் கெளுத்திக்கு எப்படிக் கிடைக்கும்?

ஒரே ஓர் ஊர்க்காரர்கள் மட்டும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். இலங்கையில் மட்டக்களப்பு வாவியில் நிலா வெளிச்ச இரவில் தோணியில் போனால் தண்ணீருக்கு அடியிலிருந்து பாட்டுக் கேட்கும் என்பார்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். 1848-இல் டென்னன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி போய்த் தன் காதால் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீன் இல்லை, ஊரி என்கிற நத்தை என்று அப்போதே மீனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அவர்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. மீன் பாடும் தேன்நாடு என்று ஊருக்கே பட்டம் கட்டிக்கொண்டார்கள். நம்பாதவர்கள் துடுப்பைக் காதில் வைத்துக்கொள்ளட்டும். எங்கள் ஊரில் இப்படி ஒரு துடுப்பு இருந்திருந்தால் முதலில் அதை டீக்கடையில் கொண்டுபோய் வைத்திருப்பேன்.

இதையெல்லாம் ஒரு நாள் ஆத்தாவிடம் முறையிட்டேன். ஆத்தா திருவிளையாடல் புராணத்தில் ஊறியவர். அதில் உள்ள 64 படலத்தில் 57-வது, வலை வீசின படலம். பரதவர் தலைவன் மகளாக அம்மன் வளர்கிறாள். கடலில் நந்தி ஒரு பெரிய சுறாவாகத் திரிந்து வலைகளைக் கிழிக்கிறது. சுறாவைப் பிடிக்கிறவனுக்கு மகளைத் தருவேன் என்கிறான் தலைவன். சொக்கநாதர் வலைஞர் இளைஞனாக வந்து ஒரே வீச்சில் பிடித்துவிடுகிறார்.

"நந்தி சுறாவானதை நம்புறீக. சாமி வலை வீசுனதை நம்புறீக. ஒரு முள்ளுல ரெண்டு மீனு மாட்டுனதை மட்டும் ஏன் ஆத்தா நம்ப மாட்டேங்கிறீக?"

ஆத்தா அருவாமனையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்கள்:

"சாமி பேசிக்கிட்டா இருந்தாரு? பிடிச்சாரு, கரையில கொண்டாந்து போட்டாரு, பொண்ணைக் குடுத்தாக. நீ சட்டியில எதைப் போட்ட?"