முழங்கால் போனது, கண் இருந்தது

கேள்வி: நன்றாக ஆடியவர்தானே நல்ல மேனேஜராக வர முடியும்?

பதில்: ஆடும் திறமை வேறு, ஆளைக் கணிக்கும் திறமை வேறு. இங்கிலாந்துக் கால்பந்தின் பிரையன் கிளஃப்பிடம் இரண்டும் இருந்தன. கோப்பைகளை வாங்கித் தந்தது இரண்டாவதுதான். மிடில்ஸ்பரோவுக்கும் சண்டர்லாந்துக்கும் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்த மனிதர் அவர். 1962 டிசம்பர் 26 அன்று எதிரணி கோல்கீப்பருடன் மோதியதில் முழங்கால் போயிற்று. மீண்டு வந்து பார்த்தார், முடியவில்லை. 29 வயதோடு ஆட்டம் முடிந்தது. முப்பதாவது வயதில், நான்காம் டிவிஷனில் தவித்துக்கொண்டிருந்த ஹார்ட்டில்பூல்ஸ் அணிக்கு மேனேஜரானார். தன் கோல் வித்தையை மட்டும் கற்றுத்தந்திருந்தால் அவருடைய அணிகள் கோலாகக் குவித்திருக்க வேண்டும். ஆனால் பின்னாளில் அவர் நடத்திய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1978இல் லீக்கை வென்றபோது 42 ஆட்டங்களில் விட்ட கோல்கள் வெறும் 24! 1979, 1980 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டங்கள் இரண்டிலும் 1-0 வெற்றி. அந்த இரண்டு கோல்களையும் பாருங்கள். முதலாவதற்குப் பந்தை அனுப்பியவரும் இரண்டாவதை அடித்தவரும் ஜான் ராபர்ட்சன். கிளஃப் வந்தபோது ஃபாரஸ்டில் யாரும் பெரிதாக மதிக்காத, உடம்பு கனத்த பையன் அவர். பர்மிங்ஹாமில் முன்கள வீரராக ஆடிய கென்னி பர்ன்ஸைத் தடுப்பாட்டத்துக்கு இழுத்தார்கள்; 1978இன் சிறந்த வீரர் விருது அவருக்கே போனது. கோல் அடித்த கால் இதையெல்லாம் சொல்லித்தராது.

கேள்வி: அப்படியானால் லீட்ஸ் அணி அவரை 44 நாளில் வெளியே அனுப்பியது ஏன்? பெரிய ஆட்டக்காரர்களான பெக்கன்பவர், க்ரைஃப் எல்லாம் மேனேஜராகவும் ஜெயித்தார்களே?

பதில்: ஜெயித்தார்கள்தான். தொழில்முறையாக ஆடவே ஆடாத மேனேஜர் சாக்கியும் மிலானுக்கு 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வாங்கித் தந்தாரே! ஆட்டம் தடையில்லை, தகுதிச்சான்றும் இல்லை. லீட்ஸ் கதை என் வாதத்துக்கே பலம். அங்கே இருந்தது ஏற்கெனவே லீக் வென்ற அணி. பல ஆண்டு அந்த அணியை வெளிப்படையாகத் திட்டிவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்தார். கூடவே அவருடைய துணை மேனேஜர் பீட்டர் டெய்லரும் இல்லை. மிடில்ஸ்பரோவில் கிளஃப்போடு இருந்த இந்தக் கோல்கீப்பர் ஆட்டக்காரராகப் பெயரெடுத்தவரல்ல. ஆனால் ஆள் தேடுவதில் கெட்டிக்காரர். 1982இல் ஃபாரஸ்டிலிருந்து டெய்லர் விலகிய பிறகு கிளஃப்புக்கு லீக் கோப்பைகள் கிடைத்தன, லீக் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய பெரிய வெற்றிகளில் சரிபாதி டெய்லருடையது என்று எழுத எனக்குத் தயக்கமே இல்லை.