ஓட விட்டவர் பாடு

மாரத்தானில் ஓடுகிறவருக்கு 42.195 கிலோமீட்டரோடு கவலை தீர்ந்தது. நடத்துகிறவர் பாடு பெண்ணைப் பெற்றவர் பாடுதான். பந்தலில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் தண்ணீர் வந்ததா, ஆள் வந்தாரா என்று அலைவார்.

இதில் ரத்தக்கொதிப்புக்குப் பேர்போனவர் ஜாக் செம்பிள். பாஸ்டன் மாரத்தானை நடத்தியவர்களில் ஒருவரான இந்த ஸ்காட்லாந்துக்காரர், முன்பு அதே பந்தயத்தில் பலமுறை ஓடியவர். அங்கே யாராவது விளையாட்டுக் காட்டினால் அவருக்குப் பொறுக்காது. 1957இல் ஒருவர் காலில் நீச்சல் துடுப்பும் முகத்தில் முகமூடியுமாக ஓடிவர, செம்பிள் அவர்மேல் பாய்ந்தேவிட்டார். போலீஸ் பிடித்துக்கொண்டு போகாதது அவர் செய்த புண்ணியம்.

பத்து வருஷம் கழித்தும் ஆள் ஆறவில்லை. பெண்களுக்கு அப்போது அந்தப் பந்தயத்தில் இடமில்லை. ‘கே. வி. ஸ்விட்சர்’ என்று பதிவுசெய்து 261ஆம் எண்ணை வாங்கியவர் கேத்ரின் என்ற பெண் என்பது ஓட்டத்தின் நடுவே தெரிந்தது. செம்பிள் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி, அந்த எண்ணைப் பிய்த்தெறியக் கை நீட்டினார். கேத்ரினோடு ஓடிக்கொண்டிருந்த காதலர் சங்கிலிக்குண்டு எறிகிற வீரர். விட்டார் ஓர் இடி! பக்கத்திலேயே பத்திரிகைப் புகைப்படக்காரர்கள். அப்புறம் கேட்பானேன், படம் உலகம் சுற்றியது. 1972இல் பெண்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஓட்டம் தொடங்குமுன், அதே செம்பிள் அதே கேத்ரினுக்குக் கேமராக்களின் முன்னால் முத்தம் கொடுத்துச் சமாதானமானார்.

கோபம் வந்தால் கத்தித் தீர்க்கலாம். அவமானத்தை என்ன செய்வது? 2013இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து மாரத்தானில் இரண்டாவதாக ஓடியவர் வழிதவற, பின்னால் வந்த ஏறத்தாழ 5,000 பேரும் அவர் போன வழியிலேயே போனார்கள். முதலாவதாக வந்தவரைத் தவிர அத்தனை பேருக்கும் 264 மீட்டர் குறைந்துபோனது. இத்தனை தூரத்தில் 264 மீட்டர் கொசுறுதானே என்று, மாதக்கணக்கில் விடியற்காலை எழுந்து பழகியவரிடம் சொல்லிப் பாருங்கள்!

நியூயார்க்கின் ஃபிரெட் லெபோ துணி வியாபாரத்திலிருந்து வந்தவர், சிக்கனம் தெரிந்தவர். 1970இல் அவர் நடத்திய முதல் மாரத்தானுக்குக் கட்டணம் 1 டாலர். 127 பேர் கிளம்பி, 55 பேர் முடித்தார்கள். பரிசாக மலிவான கைக்கடிகாரங்களும், வேறு விளையாட்டுகளில் யாரோ எப்போதோ வாங்கிய பழைய கோப்பைகளும்! அவரும் ஓடி 45ஆவதாக வந்தார்.

1976இல் பந்தயம் நகரின் ஐந்து பகுதிகளுக்கும் விரிந்தது. நடத்துகிறவருக்கு ஓட நேரம் ஏது? 1990இல் மூளையில் புற்றுநோய் வந்தது. அதன் பிறகுதான், 1992இல், தன் ஐந்து பகுதிப் பாதையில் முதன்முறையாக ஓடினார். கூடவே ஓடியவர் அங்கே ஒன்பது முறை வென்ற கிரேட்டே வைட்ஸ். இரண்டரை மணி நேரத்தில் முடித்துப் பழகிய கால்கள் அன்று லெபோவுக்காக 5 மணி 32 நிமிடம் பொறுத்தன. எல்லைக்கோட்டில் இருவருமே அழுதார்கள்.

1994இல் லெபோ காலமானார். சென்ட்ரல் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. கைக்கடிகாரத்தில் நேரம் பார்க்கிற சிலை. மாரத்தானுக்காக அதை ஒவ்வோர் ஆண்டும் பெயர்த்துக் கொண்டுபோய் எல்லைக்கோட்டுக்கு அருகே வைக்கிறார்கள்.