வராத சிறுத்தை பற்றி வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: மீன்சுருட்டிக் கடைத்தெருவில் காலையும் மாலையும் கூடும் பொதுமக்கள், அரியலூர் மாவட்டம்.

பெறுநர்: தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள், தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: வன உயிரினங்கள் – சிறுத்தை – மயிலாடுதுறைக்கும் செந்துறைக்கும் வந்தமை – மீன்சுருட்டிக்கு வாராமை – விளக்கமும் ஆவனவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சிசிடிவி காட்சிகள், ஏப்ரல் 2024.

ஐயா,

முதலில் ஊரை அறிமுகப்படுத்திவிடுவதுதான் மரியாதை. சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் ராத்திரி பஸ்ஸில் திடுக்கிட்டு விழித்து “இது எந்த ஊரு?” என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில்களில் ஒன்று மீன்சுருட்டி. பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். அதைத் தாண்டினால் அணைக்கரை, கொள்ளிடம் ஆறு. புலிக்கொடி பறந்த தலைநகருக்கு அண்டை ஊராக இருந்தும், இவ்வூரார் அருகே போய்ப் பார்த்த மிகப் பெரிய வேட்டை விலங்கு கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வளாகத்துச் சிங்கக் கிணற்றின் சுதைச் சிங்கம்தான். அதன் உடம்புக்குள் புகுந்து படி இறங்கினால் கிணறு வரும். உள்ளே போனவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பியிருக்கிறார்கள்.

இப்படி நிம்மதியாக இருந்த வட்டாரத்தில்தான் அது நடந்தது. 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு மயிலாடுதுறை நகரத்துக்குள், செம்மங்குளம் பக்கம், ஒரு சிறுத்தை நடந்துபோனது சிசிடிவியில் பதிவானது. காடும் மலையும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத நகரம் அது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். சில பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கூண்டு வந்தது, தானியங்கிக் கேமரா வந்தது, ட்ரோன் வந்தது, தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் மேற்கு மலைப் பக்கமிருந்து வந்தார்கள். சிறுத்தை மட்டும் வரவில்லை. தேடல் குத்தாலம் பக்கம் நகர்ந்தது. ஏப்ரல் 11-ஆம் தேதி இரவு, ஆற்றுக்கு இந்தப் பக்கம், அரியலூர் மாவட்டம் செந்துறையில் அரசு மருத்துவமனை அருகே ஒரு சிறுத்தை கேமராவில் தெரிந்தது. இங்கும் கூண்டு, இங்கும் கேமரா, இங்கும் அதே கதை.

அது மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய வாரம் என்பதையும் துறை கருணையோடு நினைவுகூர வேண்டும். செந்துறை அடங்கிய சிதம்பரம் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி பானைச் சின்னத்தில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ‘சிறுத்தை வந்திருக்கு’ என்ற செய்தி காதில் விழுந்ததும் யாராவது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பியிருந்தால் அவர்மீது குற்றமில்லை.

இனி மீன்சுருட்டியின் மனக்குறை. வரைபடத்தை விரித்து மயிலாடுதுறையையும் செந்துறையையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு கொள்ளிடத்தைத் தாண்டுவது ஏறக்குறைய அணைக்கரைப் பக்கம். இரண்டு ஊரிலும் தெரிந்தது ஒரே சிறுத்தை என்றால், அது எங்கோ ஓரிடத்தில் கொள்ளிடத்தைக் கடந்தே தீர வேண்டும். ஏப்ரல் மாதத்துக் கொள்ளிடத்தில் தண்ணீரைவிட மணல் அதிகம். அதிலும் லாரி ஏற்றாமல் விட்டுவைத்த மணல் கொஞ்சம்தான் என்பது வேறு விஷயம். கரையேறினால் நாணல், சீமைக் கருவேல், கரும்பு, அதற்கப்புறம் செந்துறை வரைக்கும் திட்டுத் திட்டாக முந்திரிக் காடு. ஒளிந்து நடக்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆகவே மாவட்டம் விட்டு மாவட்டம் போகிற ஒரு விருந்தாளி, வழியில் இருக்கிற மீன்சுருட்டிக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போயிருக்கக்கூடும். அது போனால் போகிறது. துறையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

சொல்லவில்லை என்று குறைகூறவும் முடியாது. ஏனென்றால் துறையின் கணக்கில் மீன்சுருட்டி சிறுத்தை ஊரே அல்ல. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகள், தமிழ்நாட்டில் 1,070. அந்தக் கணக்கு காடுகளில் எடுத்தது. காட்டைவிட்டு வெளியே, கரும்புத் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் குடித்தனம் செய்கிற சிறுத்தைகளை அது எண்ணவில்லை. ரேஷன் கார்டு இல்லாத குடும்பத்தின் நிலைமைதான் அவற்றுக்கு: இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும், பட்டியலில் மட்டும் இருக்காது.

சட்டத்தின் பட்டியலில் மட்டும் சிறுத்தைக்கு இடம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சிறுத்தை இருக்கிறது. அதைப் பிடிக்கச் சொல்லும் அதிகாரம் மாநிலத்தில் தலைமை வன உயிரினக் காப்பாளராகிய தங்களுக்குத்தான். நல்ல சட்டம், இல்லாவிட்டால் வேலியோரம் வால் தெரிந்த அன்றே ஊர் அரிவாளோடு கிளம்பிவிடும். ஆனால் ராத்திரி பத்தரை மணிக்கு மீன்சுருட்டி நாற்சந்தியில் அந்த வால் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர் ஊராட்சித் தலைவரைக் கூப்பிடுவார். தலைவர் போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிடுவார். அவர்கள் தாசில்தாரை, தாசில்தார் வனவரை, வனவர் ரேஞ்சரை. காட்டு விலங்குக்கு மயக்க ஊசி போடப் பழகிய டாக்டர்கள் பெரும்பாலும் யானையும் புலியும் உள்ள மேற்கு மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் புறப்பட்டு விடியும்போது வந்து இறங்குவார். அதற்குள் இந்த நாற்சந்தியில் ஐந்நூறு பேர் நிற்பார்கள், ஐந்நூறு பேர் கையிலும் செல்போன் இருக்கும்.

மாட்சிமை பொருந்திய துறையே, ஊரார் சிறுத்தையைவிட அதிகம் அஞ்சுவது இந்த ஐந்நூறு பேரைத்தான்.

காரணம் இருக்கிறது. 2022 ஜனவரியில் கோவை குனியமுத்தூரை அடுத்த பி.கே.புதூரில் ஒரு பழைய குடோனுக்குள் சிறுத்தை புகுந்தது. வனத்துறையினர் வாசல்களில் கூண்டு வைத்தார்கள், கேமரா வைத்தார்கள், கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினார்கள். அவ்வளவுதான், மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை. டிவிக்காரர்கள் ‘இன்னுமா பிடிக்கவில்லை’ என்று துடித்தார்கள். சில நாள் கழித்து அதிகாலையில் சிறுத்தை தானாகக் கூண்டுக்குள் நடந்து வந்தது. மயக்க ஊசியும் இல்லை, ஓட்டமும் இல்லை. அரசாங்கம் சும்மா இருந்தே சாதித்த அரிய காரியங்களில் இது ஒன்று. துறையின் பயிற்சி வகுப்புகளில் இதைப் பாடமாக வைத்தால் தகும்.

திருப்பத்தூரில் அந்த வசதி கிடைக்கவில்லை. 2024 ஜூன் 14 அன்று கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்துப் பள்ளிக்குள் சிறுத்தை புகுந்து ஒருவரைக் காயப்படுத்தியது. பிறகு அருகிலிருந்த கார் ஷெட்டுக்குள் போய்ப் பதுங்கியது. அங்கிருந்தவர்கள் கார்களுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. அவர்களை மீட்டு, இரவு நெடுநேரம் போராடி, மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். மயக்க ஊசி என்பது சினிமாவில் வருவதுபோல் பட்டதும் சுருண்டு விழ வைக்கிற சமாச்சாரம் அல்ல. மருந்து ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் மாடியிலிருந்து ஒருவர் விசில் அடித்தால் போதும், மிரண்ட விலங்கு எந்தப் பக்கம் பாயும் என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது. கூட்டம் கூடத் தடை போட 144 என்றொரு பிரிவு இருந்தது. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் புதுச் சட்டத்தில் 163 என்று எண் மாறிவிட்டது. எண் எதுவானாலும், ராத்திரி பதினொரு மணிக்கு அதை யார் பிறப்பிப்பார் என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கிற ஊர் தப்பிக்கும்.

இன்னொரு சந்தேகம். பிடித்தபிறகு என்ன செய்வது? ‘கொண்டுபோய்க் காட்டில் விடு’ என்று மீன்சுருட்டியும் சொல்லும், டெல்லியும் சொல்லும் என்று நினைத்தால், டெல்லி அப்படிச் சொல்லவில்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பார்த்த இடத்திலெல்லாம் சிறுத்தையைப் பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விடுவதை ஊக்குவிக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் ஏராளமான சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றினார்கள். அதன் பிறகு மனிதர்கள்மீது தாக்குதல் கூடியதுதான் மிச்சம். பழகிய இடத்தை இழந்த விலங்கு புது இடத்தில் தடுமாறுகிறது, காலியான இடத்துக்கு இன்னொன்று வருகிறது. அதே மாநிலத்து அகோலேயில் காடு கிடையாது, கரும்புதான். வித்யா அத்ரேயாவும் கூட்டாளிகளும் அங்கே ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்ட முடிவுப்படி, நூறு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து வளர்ந்த சிறுத்தைகள் வாழ்ந்தன. அதே நிலத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு முந்நூறு பேருக்கு மேல் மனிதர்களும் வாழ்ந்தார்கள். சிறுத்தைகள் முக்கியமாகத் தின்றது தெரு நாய்களை. மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றிய அடுக்கு மாடிகளின் கதையும் கிட்டத்தட்ட இதே.

(தெரு நாய் பற்றிப் பேச்சு வந்ததும் கடைத்தெருவில் சிலர் முகம் மலர்ந்ததை மறைப்பதற்கில்லை. ‘ஒன்றிரண்டை இங்கே நிரந்தரமாகவே போஸ்டிங் போடலாமா’ என்று கேட்டுச் சேர்க்கச் சொன்னார்கள். அந்தக் கோரிக்கை இந்த விண்ணப்பத்தில் சேர்க்கப்படவில்லை.)

அமெரிக்காவில் இதற்கும் மேலே போய்விட்டார்கள். பி-22 என்று எண் போட்ட ஒரு மலைச் சிங்கம் லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பெரும் நெடுஞ்சாலைகளைத் தாண்டி நகரத்து நடுவே கிரிஃபித் பூங்காவில் பத்தாண்டு தனியாக வாழ்ந்தது. ஹாலிவுட் எழுத்துகளுக்குக் கீழே அது நடந்துபோகும் படம் 2013-இல் நேஷனல் ஜியாகிரஃபிக்கில் வந்தது. 2022 டிசம்பரில் முதுமையும் காயமும் சேர்ந்து அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தபோது நகரம் துக்கம் அனுசரித்து, அடுத்த ஆண்டு நினைவுக் கூட்டமே நடத்தியது. மீன்சுருட்டி ஃபிளெக்ஸ் கலாச்சாரத்தில் பின்தங்கிய ஊரல்ல; ஆனால் முதலில் உயிரோடிருப்பவர்களுக்கு ஏற்பாடு ஆகட்டும் என்பது ஊராரின் எண்ணம்.

உயிரோடிருப்பவர்கள் என்றதும் உண்மையான விஷயத்துக்கு வந்துவிடலாம். சிறுத்தை 2024 ஏப்ரலில் ஒருமுறை இந்த வட்டாரத்துக்கு வந்தது. வருஷம் முழுக்க இங்கேயே இருப்பது முதலை. அணைக்கரையிலிருந்து கீழே சிதம்பரம் வட்டத்துக் கிராமங்கள் வரைக்கும் கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் சதுப்பு நில முதலைகள் உண்டு. இதுவும் முதல் அட்டவணைதான், சிறுத்தைக்குச் சமமான அந்தஸ்து. வெள்ளம் வந்தால் வாய்க்கால் வழியாகக் குளத்துக்கும் வயலுக்கும் வந்துவிடும். சிதம்பரம் பக்கத்தில் ஆற்றில் குளித்தவர்களை முதலை இழுத்துப்போய் உயிர்கள் போயிருக்கின்றன. ஊருக்குள் வருகிற முதலையைத் துறையினர் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள். அணைக்கரையில் முதலைப் பாதுகாப்பு மையம் அமையும் என்று சில ஆண்டுகளுக்கு முன் அரசு அறிவித்தது. செய்தி வந்த நாளில் இந்தக் கடைத்தெருவில் டீ வியாபாரம் நன்றாக இருந்தது.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடந்தபோது நாடே அந்த வீடியோவைப் பார்த்தது. முதலைகள் கூச்ச சுபாவம் உள்ளவை, தொந்தரவு செய்யாவிட்டால் ஒன்றும் செய்யாது என்று உயர் அதிகாரி உடனே விளக்கம் கொடுத்தார். சரியான விளக்கம். கொள்ளிடத்தில் மாடு குளிப்பாட்டுகிறவருக்கும், துணி துவைக்கிறவருக்கும், வலை போடுகிறவருக்கும் இதே விளக்கம் கொஞ்சம் விரிவாகத் தேவைப்படுகிறது. எந்தப் படித்துறையில் இறங்கலாம், எதில் கூடாது, எந்த மாதத்தில் முட்டையிட்டுக் காவல் காக்கும், இருட்டியபின் ஏன் தண்ணீர் ஓரம் போகக் கூடாது என்பதை ஒரு பலகையில் எழுதினால் போதும். ஆற்றுக்குள் சிசிடிவி இல்லை, அதனால் முதலைக்கு விளம்பரம் இல்லை. துறையின் அவசரமும் விளம்பரத்தின் அளவுக்கே இருப்பதுபோல் ஊராருக்கு ஒரு தோற்றம்.

ஆகவே மீன்சுருட்டி கேட்பது பெரிய காரியமில்லை. அரியலூர், பெரம்பலூர், தஞ்சாவூர், மயிலாடுதுறை, கடலூர் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் பொதுவாக, மயக்க ஊசியும் வலையும் வண்டியும் பழகிய கையும் உள்ள ஒரு குழுவை, சில மணி நேரத்தில் வரக்கூடிய இடத்தில் நிறுத்த வேண்டும். யார் யாரைக் கூப்பிட வேண்டும், கூட்டத்தை யார் தள்ளி நிறுத்த வேண்டும் என்று ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஒட்ட வேண்டும். கால்தடம் நாயினுடையதா சிறுத்தையினுடையதா என்று பார்த்துச் சொல்ல ஊருக்கு இரண்டு இளைஞர்களைப் பழக்க வேண்டும். பாதி வதந்தி அங்கேயே அடங்கிவிடும். கொள்ளிடத்தின் இரு கரையிலும் மக்கள் இறங்கும் ஒவ்வொரு துறையிலும், அடுத்த தண்ணீர் திறப்புக்கு முன்னால், முதலை எச்சரிக்கைப் பலகை நட வேண்டும்.

பலகைக்குக் குழி தோண்டும் கூலியை மீன்சுருட்டி ஊரார் ஏற்றுக்கொள்கிறார்கள். எழுத்து மட்டும் மழையில் அழியாத பெயிண்டில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மீன்சுருட்டிக் கடைத்தெருப் பொதுமக்கள்.

நகல்: மாவட்ட ஆட்சியர், அரியலூர் – வடகரைக்காக, மாவட்ட ஆட்சியர், தஞ்சாவூர் – தென்கரைக்காக.