ஆறேமுக்கால்

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை ஒட்டிய எந்த தர்ஷினியிலும் மாலை ஆறரைக்கு மேல் இவரைப் பார்க்கலாம். நின்றுகொண்டு சாப்பிடும் மேஜை, பை-டூ காபி, மறுபாதிக் காபிக்குச் சொந்தக்காரனான நண்பன், நடுவே தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்த செல்பேசி. திரையில் ஓர் எக்ஸெல் தாள். பல்கலைக்கழகம், நாடு, கட்டணம், கடைசித் தேதி என்று நான்கு பத்திகள். கடைசித் தேதிப் பத்தி முக்கால்வாசி சிவப்பு. எல்லாம் போன தேதிகள். இவர் அவற்றை அழிப்பதில்லை. அடுத்த வருஷமும் அதே மாதம் வரத்தானே போகிறது?

பெயர் தெருவுக்குத் தெரு மாறும். வசதிக்கு ஆறேமுக்கால் என்று வைத்துக்கொள்வோம். அது இவருடைய சிஜிபிஏ. என்ன நட்சத்திரம் என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்ப்பார். இதைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். பெலகாவியிலிருந்து நடக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் சேர்ந்தவர்களுக்கு, சிஜிபிஏவைச் சதவீதமாக்க ஒரு சூத்திரம் உண்டு: 0.75-ஐக் கழி, பத்தால் பெருக்கு. ஆறேமுக்காலில் முக்கால் போனால் ஆறு; பத்தால் பெருக்கினால் அச்சு அசல் அறுபது. முதல் வகுப்பு, மயிரிழையில்.

எனவே சொந்தக்காரர்களிடம் "ஃபர்ஸ்ட் கிளாஸ் அத்தே." நண்பர்களிடம் "சிக்ஸ் பாயிண்ட் செவன் ஃபைவ், மச்சா." வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்ட்டிடம் மட்டும் "செவன் பக்கத்துல சார்." மூன்றும் பொய்யில்லை.

இவருடைய முதல் காதல் ஜெர்மனி. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் அங்கே கல்விக்கட்டணம் கிடையாது என்பதைத் தவிர அந்தக் காதலுக்கு வேறு காரணம் இல்லை. ஆனால் ஜெர்மானியர்களுக்கு ஆறேமுக்கால் என்றால் புரியாது. அங்கே 1 என்பது உச்சம், 4 என்பது தப்பிப் பிழைத்த மார்க். நம் மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்ற பவேரியச் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. பத்திலிருந்து ஆறேமுக்காலைக் கழிக்க வேண்டும். பத்துக்கும் தேர்ச்சிக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். தேர்ச்சிக் கோடு 4 என்று வைத்தால் 2.6 வருகிறது. 5 என்று வைத்தால் 2.95. பல துறைகள் கேட்பது 2.5.

நான்கு வருஷப் பொறியியலில் எந்தச் சமன்பாட்டோடும் இவர் இவ்வளவு நேரம் பழகியதில்லை. தர்ஷினி மேஜையில் டிஷ்யூ பேப்பரில் போட்டுப் பார்த்திருக்கிறார். மெஜஸ்டிக் பஸ்ஸில் நின்றுகொண்டு மனசுக்குள் போட்டிருக்கிறார். தேர்ச்சிக் கோடு நான்கா ஐந்தா என்று நண்பனோடு சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார். எப்படிப் போட்டாலும் 2.6-க்குக் கீழே இறங்கவில்லை. நடுவே நிற்கும் அந்த 0.1-ஐத் தாண்டினால் இலவசக் கல்வி. தாண்டாவிட்டால் அதே ஜெர்மனியில் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே ஆறேமுக்காலை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை.

மார்க் குறைந்தால் வெளிநாட்டில் சீட் கிடைக்காது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதில் உண்மை குறைவு. சீட் கிடைக்கும், விலைதான் ஏறும். ஒன்பதுக்கு உதவித்தொகை, எட்டுக்குக் கட்டணச் சலுகை, ஆறேமுக்காலுக்கு முழு ரசீது. இது இவருக்கும் தெரியும். தெரிந்தும் எக்ஸெல் தாளில் மார்க்குக்கு வைத்த கவனத்தைக் கட்டணப் பத்திக்கு வைப்பதில்லை. அந்தப் பத்தியைப் பார்க்க வேறொருவர் வீட்டில் இருக்கிறார்.

அவர் அப்பா. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, பொம்மசந்திராவில் மூன்று ஷிஃப்டிலும் மெஷின் ஓட்டி, ஹொங்கசந்திராவில் ஒரு தேர்ட்டி-ஃபார்ட்டி சைட் வாங்கி, கீழே தான் குடியிருந்து மேலே இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருப்பவர். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்காமல் வங்கி தரும். அதற்கு மேல் போனால் பத்திரத்தைக் கொண்டு வா என்பார்கள். பேர்போன வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்றைச் சில வங்கிகள் வைத்திருக்கின்றன. அதில் உள்ள இடம் கிடைத்தால் பிணையில்லாமலே பெரிய தொகை தருவார்கள். ஆறேமுக்காலுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, பத்திரம்.

பத்திரத்தைப் பார்த்ததும் மேனேஜர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஏ காத்தாவா, பி காத்தாவா?"

பொம்மனஹள்ளி 2007 வரை தனி நகரசபை. அதற்குப் பிறகுதான் பெங்களூர் மாநகராட்சிக்குள் வந்தது. கிராமத்து நிலத்தைச் சைட்டுகளாகக் கூறுபோட்டு விற்ற காலத்தில் வாங்கப்பட்ட வீடுகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட வீட்டுக்கெல்லாம் மாநகராட்சி பி காத்தா போட்டு வைத்தது. வரி வாங்கிக்கொள்ளும், ஒழுங்கான சொத்து என்று மட்டும் ஒப்புக்கொள்ளாது. பொதுத்துறை வங்கிகள் பி காத்தாவைப் பெரும்பாலும் பிணையாகத் தொடுவதில்லை.

"இத்தனை வருஷம் வரி கட்டியிருக்கேன் சார்."

"அது கரெக்ட். ஆனா இது பி."

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா மகனைத் திட்டவில்லை. இந்தக் குடும்பத்தில் ஏ வாங்கியவர் யாருமில்லை, வீடு உட்பட. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் பிணையில்லாமல் தரத் தயாராக இருக்கின்றன, கூடுதல் வட்டிக்கு. அந்த வட்டியை அப்பா மெஷின் ஆபரேட்டருக்கே உரிய துல்லியத்தோடு மாதத் தவணையாக மாற்றிப் பார்த்தார். பிறகு, "ஓசூர்ல டிவிஎஸ் இருக்கு, லேலண்ட் இருக்கு, டைட்டன் இருக்கு. அதுவும் வேற ஸ்டேட்தானே, வெளியூர்தானே?" என்றார்.

கன்சல்டன்ட் அலுவலகம் வேறு உலகம். ஏசி, சுவரில் சிரிக்கும் மாணவர்கள், மேஜையில் ஏழெட்டு நாட்டுக் குட்டிக் கொடிகள். ஆலோசனை முற்றிலும் இலவசம் என்று எழுதியிருக்கும். அது உண்மைதான். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் பல கல்வி நிறுவனங்கள் சேர்த்துவிட்ட மாணவனுக்கு இவ்வளவு என்று முகவருக்குக் கமிஷன் தருகின்றன. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. ஆகவே ஜெர்மனி என்று ஆறேமுக்கால் வாயைத் திறந்ததும் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் கவலையால் சுருங்கும். "லாங்குவேஜ் கஷ்டம் சார். குளிர் வேற. யூகே பாருங்க, ஒரே வருஷத்துல மாஸ்டர்ஸ். சிக்ஸ்டி பர்சென்ட் தாராளமா போதும்." ஒன்பது வாங்கியவர்கள் அங்கே அவ்வளவாக வருவதில்லை, வந்தாலும் பெரிய வரவேற்பு இருக்காது. அவர்கள் தாங்களே விண்ணப்பித்துக்கொள்கிறவர்கள். இந்த உலகத்தில் ஆறேமுக்காலைக் கண்டதும் எழுந்து நின்று காபியா டீயா என்று கேட்கிற ஒரே இடம் இதுதான். அதனால்தான் அவர் அடிக்கடி போகிறார் என்று நண்பன் சொல்வதைத் தள்ளிவிட முடியவில்லை.

பிறகு எஸ்ஓபி. ஏன் படிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதும் இரண்டு பக்கக் கட்டுரை. சின்ன வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம், வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பார்த்த அனுபவம் என்று தொடங்கியது. இவர் வீட்டில் ரேடியோவே இருந்ததில்லை. மிக்ஸி என்று மாற்றினார். அம்மா படித்துவிட்டு, "நீ எப்படா மிக்ஸியைக் கழட்டினே?" என்றதும் மறுபடியும் ரேடியோ ஆயிற்று. பரிந்துரைக் கடிதம் இன்னும் சுலபம். பேராசிரியர், "நீயே எழுதிட்டு வாப்பா, சைன் பண்ணித் தர்றேன்" என்றார். தன்னைப் பற்றித் தானே எழுதியதில், வகுப்பின் தலைசிறந்த ஐந்து சதவீதத்தில் ஒருவர் என்று போட்டுவிட்டு, கூச்சப்பட்டுப் பத்து என்று திருத்தினார்.

ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ்ஸில் ஆறரை. அந்த மதிப்பெண் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும். முதல் மதிப்பெண் எந்த நாட்டையும் பார்க்காமலே காலாவதியானது. மறுபடி எழுதினார். மறுபடியும் ஆறரை.

இந்த இழுபறியை வெறும் சோம்பல் என்று சொல்வது அநியாயம். இவர் முடிவெடுக்க நெருங்கும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் அரசாங்கம் முந்திக்கொள்கிறது. 2022-இல் படிப்பை முடித்து ஜெர்மனிக்குக் காகிதங்கள் திரட்டினார். அந்த நவம்பர் 1 முதல் இந்தியச் சான்றிதழ்களை தில்லியில் உள்ள ஏபிஎஸ் மையம் சரிபார்த்துத் தந்தால்தான் விசா என்றார்கள், அதற்கு 18,000 ரூபாய். கனடா பக்கம் திரும்பினார். அந்நாடு, கணக்கில் காட்ட வேண்டிய செலவுத் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக்கி, 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வைத்தது. ஆஸ்திரேலியாவின் மாணவர் விசாக் கட்டணம் அதே ஆண்டு ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது. திரும்ப ஜெர்மனிக்கு வந்தால், முடக்கக் கணக்கில் போட்டு வைக்க வேண்டிய தொகை 11,904 யூரோவாக உயர்ந்திருந்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் முதுகலை மாணவர்களிடம் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்கத் தொடங்கிய செய்தியைக் கேட்டு இரவெல்லாம் வருத்தப்பட்டார். அங்கே இடம் கிடைக்கும் மதிப்பெண் தன்னிடம் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அமெரிக்கா தனிக் கதை. 2025 ஜனவரியில் பெங்களூரில் அமெரிக்கத் தூதரகக் கிளை திறந்தபோது, இனி சென்னைக்குப் போய் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் வரிசையில் நிற்க வேண்டாம் என்று தெருவுக்கே அறிவித்தார். திறப்பு விழாதான் நடந்தது, விசா வேலை அங்கே அப்போது தொடங்கவில்லை. மே மாதம் மாணவர் விசாச் சந்திப்புகளை நிறுத்தி, ஜூனில் மீண்டும் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார்கள். இவர் சந்திப்புத் தேதி வாங்கியிருக்கவில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இன்ஸ்டாகிராமைச் சுத்தம் செய்தார். செப்டம்பரில் புது எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று டிரம்ப் ஆணையிட்டதும், ஏறக்குறைய 88 லட்சம் ரூபாயை மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு அமெரிக்காவைக் கைவிட்டார். அங்கேயே படித்து விசா மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் வந்தது. அதற்குள் எக்ஸெலில் அந்த வரிசைகளை மறைத்து வைத்துவிட்டிருந்தார்.

பல தேதிகளைத் தள்ளிப் போட்ட மெட்ரோவின் மஞ்சள் தடமே 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பொம்மனஹள்ளிக்கு வந்துவிட்டது. அன்று மாடியில் நின்று வேடிக்கை பார்த்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மகனைத் திரும்பி ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இந்தக் குழப்பங்கள் இல்லை. 2024-இல் பதிமூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் வெளிநாட்டில் படித்தார்கள் என்று வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கு. "பதிமூணு லட்சம் பேருக்குக் கெடச்சது என் புள்ளைக்கு மட்டும் கெடைக்காதா?" என்பது அம்மாவின் புள்ளியியல். ஹைதராபாத் பக்கத்தில் சில்கூர் பாலாஜி கோயிலில் விசாவுக்கு வேண்டிக்கொண்டு பதினோரு சுற்று, கிடைத்ததும் வந்து நூற்றெட்டு. சென்னை பழவந்தாங்கலில் விசா கணபதி. பதினோரு சுற்று முடித்தாயிற்று. எந்த நாட்டு விசா என்று வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கோயில் வாசலிலிருந்து போன் செய்து கேட்டபோது, "பொதுவா வேண்டிக்கோம்மா" என்றார் மகன்.

யாராவது மார்க்கைப் பற்றி நேரடியாகக் கேட்டுவிட்டால் இவரிடம் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: ராமானுஜன். "கும்பகோணத்துலயும் பச்சையப்பாஸ்லயும் எஃப்.ஏ. ஃபெயில். அவரே கேம்பிரிட்ஜ் போகலையா?" வரலாறு சரிதான். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதப் பேரறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். இதை முதன்முறை கேட்ட அன்று அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிர்த்தினார்.

"அவர் லெட்டர்ல என்ன எழுதியிருந்தாரு?"

"தியரம்ஸ்பா. கணக்கு. பக்கம் பக்கமா."

"நீ என்ன எழுதியிருக்கே?"

ரேடியோ என்று சொல்ல வாய் வரவில்லை.

இதற்கிடையே எலக்ட்ரானிக் சிட்டியில் வேலையும் இருந்தது, இல்லாமலும் போனது. ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதுசாகச் சேர்கிறவர்களின் சம்பளம் பல்லாண்டுகளாக வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நகராமல் நிற்பதால், அதில் சேர்ந்தவர்களும் மாலையில் அதே தர்ஷினிக்கு, அதே எக்ஸெல் தாளோடு வந்து சேர்கிறார்கள். எல்லோருக்கும் எந்த நாட்டில் எந்தப் படிவம், எத்தனை நாளில் பதில், எந்தப் பல்கலைக்கழகம் பேக்லாக்கை மன்னிக்கும் என்று இவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அத்தனையும் நுனிநாக்கில். ஆறு பேரை அனுப்பியும் வைத்துவிட்டார். டப்ளினிலிருந்து ஒருவனும் மக்டேபர்க்கிலிருந்து ஒருவனும் தீபாவளிக்குப் போன் செய்து நன்றி சொன்னார்கள்.

கன்சல்டன்ட் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். போன மாதத்திலிருந்து ஆறேமுக்காலுக்கு ஏசி அறையில் ஒரு நாற்காலி, கழுத்தில் பட்டை, மாதம் இருபத்திரண்டாயிரம், ஆளுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ். மேஜையில் ஏழெட்டுக் கொடிகள் இப்போது இவர் பக்கமாகத் திரும்பியிருக்கின்றன. கூட்லு கேட்டிலிருந்து ஓர் அம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் 6.4. கூசிக்கொண்டு சொன்னான்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா, சேஃப் லிஸ்ட் போட்டுடலாம். ஜெர்மனி மட்டும் வேணாம், குளிர் அதிகம்."

அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "நீங்க எந்த நாட்டுல படிச்சீங்க தம்பி?"

"நான் இங்க ப்ராசஸ் பாத்துக்கறேம்மா. தம்பியோட மார்க்ஷீட் எடுங்க."