ஃபேன் சுவிட்சைத் தொடாதீர்கள், பயறு காய்கிறது

சித்திரை வெயிலைத் திட்டாத தமிழன் கிடையாது. நானும் குறை வைத்ததில்லை. 2025 மே மாதக் கடைசியில் மட்டும் அந்த வெயில் எங்காவது தட்டுப்பட்டால் காலில் விழத் தயாராக இருந்தேன். காரணம், வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் முற்றி நின்ற தட்டைப்பயறு.

மாசியில் போட்டது. எண்பது, தொண்ணூறு நாள் பயிர். கணக்குப்படி அறுவடை நேராக அக்னி நட்சத்திரத்தில் வந்து விழும். அந்த ஆண்டு கத்திரி மே 4 முதல் 28 வரை. மொட்டை மாடியில் கொட்டிவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பயறு கலகலவென்று காய்ந்திருக்கும் என்பது திட்டம். பஞ்சாங்கமும் நானும் ஒத்துப்போனோம். வானத்தைத்தான் யாரும் கேட்கவில்லை.

வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அந்த வருஷம் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. 2009க்குப் பிறகு அத்தனை சீக்கிரம் அது வந்ததில்லை. அங்கே பிடித்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நாங்கள் இருப்பது கோவையில், வடவள்ளிப் பக்கம். கோவைக்கும் நீலகிரிக்கும் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். நொய்யலில் புதுத்தண்ணீர் வந்தது. ஊர்ச்சனம் குடையோடு பாலத்தில் நின்று வீடியோ எடுத்தது. கத்திரியில் இப்படியொரு குளிர்ச்சியா என்று பார்க்கிறவர்களெல்லாம் பூரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

தட்டைக்காய் பச்சையாக இருக்கும்வரை மழைக்கு அசராது. காய்ந்து வைக்கோல் நிறம் வந்த நெற்றில்தான் வில்லங்கம். வெயிலில் அது முறுக்கிக்கொண்டு தானாகவே வெடித்துப் பயறைச் சிதறடிக்கும். மழையில் தண்ணீரைக் குடித்துத் தொளதொளவென்று தொங்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே பயறு ஊதிப்போய், முனையில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். இன்னும் விட்டால் தோலில் கரும்பூஞ்சை படரும். எல்லா நெற்றும் ஒரே நாளில் முற்றித் தொலைத்தாலாவது பரவாயில்லை. ஒரே செடியில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், காய்ந்த நெற்றும் இருக்கும். எனவே தூறலுக்குத் தூறல் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, காதோரம் ஆட்டிப் பார்த்துப் பறிக்க வேண்டும். சத்தம் வந்தால் பை, வராவிட்டால் செடியிலேயே விட்டுவிட வேண்டும்.

பயறைத் தேடி வந்தது நான் மட்டுமல்ல. மருதமலை கூப்பிடு தூரம் என்பதால் முருகனின் வாகனங்கள் எங்கள் சுற்றுச்சுவர் மேல்தான் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். மழையைக் கண்டால் மயில் ஆடும் என்று பாட்டு எழுதியவர்கள், ஆடி முடித்ததும் அதற்குப் பசிக்கும் என்பதை எழுதாமல் விட்டுவிட்டார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயிலுக்கு உயர்ந்தபட்சப் பாதுகாப்பு. என் பயறுக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. "முருகா, போப்பா" என்று கைகூப்பிப் பார்த்தேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த நெற்றுக்குப் போனது.

பறித்ததைக் காயவைக்க மாடி இல்லை என்றான பிறகு வீடுதான். கூடத்தில் சாக்கு, கட்டிலில் பழைய வேட்டி, சோபாவில் முறம், எல்லாவற்றின் மேலும் பயறு. சொந்தக்காரர்கள் வந்தால் "உட்காருங்க" என்று வாய் சொல்லும், இடம் இருக்காது. இருக்கிற மின்விசிறி எல்லாம் பயறுக்கு ஒதுக்கப்பட்டதால், கல்லூரி விடுமுறைக்கு வந்த பையன் கொசுவர்த்தியோடு திண்ணைக்குக் குடிபெயர்ந்தான். "அணைக்காதே" என்று சுவிட்சுக்கு மேலே துண்டுக் காகிதம் ஒட்டியது என் மனைவி. அவர் எனக்காக இவ்வளவு அக்கறையாக எதையும் எழுதியதில்லை.

காய்ந்துவிட்டதா என்று சொல்வது அம்மாவின் அதிகாரம். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம். அம்மாவுக்கு இருப்பது கட்டிய பல், எனக்குக் கடைவாயில் வேர் சிகிச்சை. ஆகவே கடிக்கும் உத்தியோகம் பையனுக்கு.

"நசுங்குது அப்பத்தா."

"இன்னொண்ணு கடிச்சுப் பாரு சாமி."

"அதுவும் நசுங்குது. இப்படியே பாத்தா மிச்சமே இருக்காது அப்பத்தா."

அம்மாவிடம் இன்னொரு யோசனை இருந்தது. செம்மண் கட்டிவிடலாம் என்றார். செம்மண்ணைக் கரைத்துப் பயறில் பூசிக் காயவைத்தால் வண்டு அண்டாது. அனுபவப்பட்ட வைத்தியந்தான். ஆனால் பூசிய மண் காய்வதற்கு நல்ல வெயில் வேண்டும். வெயில் மட்டும் இருந்தால் நான் ஏன் கட்டிலைப் பயறுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்கிறேன்?

வண்டின் சமாசாரமும் லேசுப்பட்டதல்ல. பயறு வண்டு நாம் டப்பாவில் போட்ட பிறகு வந்து சேர்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது காட்டிலேயே முற்றுகிற காயின் மேல் முட்டையிட்டுவிடும். புழு உள்ளே துளைத்துக்கொண்டு போய் வயிறு முட்டத் தின்று, வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். வெளியே வந்த வண்டு பயறைத் தின்பதுகூட இல்லை, மிச்சப் பயறின் மேல் முட்டையிடுவதோடு சரி. கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் நடையைக் கட்டுகிற ஆசாமி மாதிரி, தன்பாட்டுக்குப் போய்விடும். இதற்கு மனைவி கண்ட வழி, நன்றாகக் காய்ந்த பயறை உறைபெட்டியில் சில நாள் வைத்தெடுப்பது. முட்டையும் புழுவும் செத்துவிடும். ஈரத்தோடு வைத்தால் மட்டும் முளைப்புத்திறனும் சேர்ந்து செத்துவிடும். விதைக்கு எடுத்ததைத் தனியாக, வேப்பிலைச் சருகோடு வைத்தோம்.

கடைசியில் தட்டிப் புடைத்து அளந்தால், பெரிய எவர்சில்வர் தூக்கில் முக்கால்வாசி. கடையில் கிலோ நூற்றுச் சொச்சத்துக்குக் கிடைக்கிற பயறு. மின்கட்டணத்தை இதோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டாம் என்று வீட்டில் ஒருமனதாக முடிவெடுத்தோம். கத்தரிக்காய் போட்டுத் தட்டைப்பயறுக் குழம்பு வைத்தபோது, கடித்துக் கடித்தே சலித்த பையன்தான் இரண்டாம் முறை சோறு கேட்டான்.

விதை வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். குழம்புக்குக் கேட்காதீர்கள். புரட்டாசிக் கடைசியில் போட்டால் மார்கழி, தை வெயிலில் நிம்மதியாகக் காயவைக்கலாம். இல்லை, மாசியில்தான் போடுவேன் என்றால், விதைப்பதற்கு முன் வீட்டில் எத்தனை ஃபேன் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.